புள்ளி இரண்டு

ஸ்பிரிட் வாடை வந்ததும்
நான்காம் வகுப்பு மொத்தமும் பெஞ்சுக்கடியில்.
"ஊசி போடறவங்க வந்துட்டாங்கடா!"
ஊசி குழாய்க்குத்தான் என்றேன்.
ஒருத்தன் மட்டும் தலையை நீட்டி
"கொழாய்க்கு ஜொரமா?" என்றான்.
அதைத்தான் பார்க்க வந்திருக்கிறேன், தம்பி.

கொருக்குப்பேட்டையில் இன்றைக்கு இது மூன்றாவது பள்ளி.
இரும்புக் குழாயென்றால் வாயைத் தீயில் சுட்டு எடுப்பேன்.
இங்கே இருப்பது பச்சைப் பிளாஸ்டிக்,
சுட்டால் உருகிவிடும்.
பஞ்சால் துடைத்து, இரண்டு நிமிடம் திறந்து விட்டேன்.
சும்மா ஓடும் தண்ணீரை
ஆயா கோட்டீஸ்வரி
தன் சம்பளம் ஓடுவதுபோல் பார்த்தார்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
ஒரு குடத்தைக் கொண்டுவந்து அடியில் வைத்தார்.

தெருவில் மஞ்சளாக வந்தால்
குடத்தோடு மறியலுக்கு உட்காரவைக்கும் தண்ணீர்
என் கண்ணாடிக் குப்பிக்குள் மட்டும்
மஞ்சளாக வேண்டும்.
சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினால்
எலுமிச்சைத் தோலை நிழலில் பார்த்த மாதிரி ஒரு நிறம்.
அட்டையோடு ஒத்துப் பார்த்தால் புள்ளி இரண்டு.
குளோரின் அவ்வளவு இருந்தால் போதும்,
வெள்ளிக்கிழமை வருகைப் பதிவேட்டில்
ஓட்டைகள் விழாது.

குலுக்கினேன்.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
சுற்றி நின்ற இருபது வாய்களும் ஒன்றாக,
"ஐ! சுத்தமா கீது!"

பளிங்கு மாதிரிதான் இருந்தது.
அதுதான் கெட்ட செய்தி என்று
இருபது பேருக்கு எப்படிச் சொல்வது?

மறுபடி குலுக்கினேன். பளிங்கு.
மாடிக்கு ஏறினேன்.
தொட்டி மூடியில் விரிசல்,
விரிசல்மேல் செங்கல்,
செங்கல்மேல் காக்கை.
கழுவிய தேதிகளின் பதிவேட்டில்
நான்கு மாதக் கையெழுத்தும்
ஒரே பேனா, ஒரே மூச்சு.

"மூடிட்டா எப்ப திறப்பீங்க?"
தலைமையாசிரியை தமயந்தி கேட்டார்.
கிருமி வளர்கிறதா என்று பார்க்க
நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகும்.
"கிருமி பொறுமையா வளரும்மா. தாகம்?"
லாரிக்கு எழுதுகிறேன் என்றேன்.
அந்த வாக்கியம் என் வாயில் தேய்ந்துபோன நாணயம்.
அவருக்கும் அது தெரியும்.
இருந்தாலும் வாங்கிக்கொண்டார்.

குழாயின் கழுத்தில் கயிறு கட்டும்போது
பியூலா என்கிற பெண் வந்து நின்றாள்.
பையில் புத்தகத்தைவிட பாட்டில் அதிகம்.
"இது எனுக்கு, இது தம்பிக்கு,
பெர்சு அம்மாவுக்கு.
ஊட்டுப் பம்புல சாக்கடை நாத்தம்க்கா.
இஸ்கூல் தண்ணிதான் நல்ல தண்ணி."
சொல்லிவிட்டுக் கயிற்றைப் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.

மூடப்பட்ட குழாய்கள்: மூன்று
என்று படிவத்தில் எழுதினேன்.
மூடப்பட்ட வீடுகள் எத்தனை என்று எழுத
அதில் கட்டம் கிடையாது.

ரயில்வே கேட் விழுந்திருந்தது.
கால் நடுவே ஐஸ் பெட்டி,
அதற்குள் அந்தப் பள்ளியின் தண்ணீர்.
முன்னால் சரக்கு ரயில் நத்தையாக ஊர்ந்தது.
எண்ணெய் டாங்கர்கள், சொட்டுக்கூடச் சிந்தாமல்,
ஒவ்வொன்றின் மூடியும் திருகி முத்திரை வைத்து.
ஐம்பத்திரண்டு வரை எண்ணினேன்.
அதற்குள் ஐஸ் பாதி உருகி
பெட்டியின் மூலை வழியாக
என் செருப்பை நனைத்தது.

இரவு, வியாசர்பாடி.
மகன் சமையலறைக் குழாயில் டம்ளரைப் பிடித்து
நின்றபடியே குடிக்கிறான்.
தொண்டை ஏறி இறங்குகிறது.
கதவோரம் என் பை.
அதில் கழுவிய குப்பி இருக்கிறது,
சொட்டு மருந்து பாதிக்குமேல் இருக்கிறது.

ஏழு வருடமாக இந்த வேலை.
இந்த ஒரு குழாயை மட்டும்
நான் சோதித்ததே இல்லை.