தனியாவா

விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.
பெங்களூர் வண்டி என்னைப் பாலத்தடியில் இறக்கியது.
கண்டக்டர் பையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:
"தனியாவாம்மா?"

இருபத்தொரு நாளாக இதற்கு
வேறு மொழியில் பதில் சொல்லிப் பழகியிருந்தேன்.
"சோலா?" என்பார்கள் கித்தோவில்.
டிராலிபஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி,
உருளைக்கிழங்கு சூப் ஊற்றுகிறவள்,
அறைச்சாவியைக் கையில் வைத்து
என் விரல்களை அவளே மடக்கிவிட்ட எல்வியா அம்மாள்.
சோலா. தனியாவா.
கடைசி எழுத்தில் இழுக்கிற இழுப்பு
இரண்டுக்கும் ஒன்றுதான்.

நான் போனது ஒரு சாணுக்காக.
பாகலூர் குளிர்க்கிடங்கில் பத்து வருஷமாக
ரோஜாக் காம்பு அளக்கிறேன்.
நாற்பது சென்டிமீட்டர் தனிக்கட்டு, ஐம்பது தனிக்கட்டு,
அறுபது வந்தால் முனிரத்னா விசிலடிப்பாள்.
பிப்ரவரி பிறந்தால் மேனேஜர் புலம்புவார்:
ஈக்வடார்க்காரன் பூ நம்மைவிட ஒரு சாண் உசரம்.
அதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று
சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
வீட்டில், கம்பெனி அனுப்புகிறது என்று சொன்னேன்.

ஏற்காட்டின் தலையில் இன்னொரு ஏற்காட்டைத்
தூக்கி வைத்த உயரத்தில் இருந்தது அந்தத் தலைநகரம்.
நாலு படிக்கு ஒருதரம் நின்றேன்.
மதியம் இரண்டு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் மழை.
சந்தையில் இருபத்தைந்து காம்பு இரண்டு டாலர்.
கடைக்காரி பார்க்கச் சாண் போட்டேன்.
சரிதான், மேனேஜர் பொய் சொல்லவில்லை.
வாங்கிய பிறகுதான் தெரிந்தது
கொடுக்க ஆளில்லை என்று.
குளியலறை வாளியில் ஒன்பது நாள் நின்றது,
என்னைவிட நன்றாக.

நான் லண்டன்பேட்டை என்றேன்.
லண்டன் என்றே எல்வியா அம்மாள் எடுத்துக்கொண்டாள்.
திருத்துமளவு ஸ்பானிஷ் எனக்கு வரவில்லை.
லண்டன்காரிக்கும் அதே அறிவுரைதான்:
போனை உள்பையில் வை,
எட்டு மணிக்குமேல் நடக்காதே,
சிறகு முளைத்த மாதா நிற்கிற குன்றுக்குப்
படியேறிப் போய்விடாதே, டாக்சி பிடி.
பிடித்தேன்.
மேலே ஒரு குடும்பம் என்னைப் படமெடுத்துக் கொடுத்தது.
மாதாவுக்குத் தலையில்லை. எனக்குக் கால் இல்லை.

இப்போது கிருஷ்ணகிரியில்
கை தானாகப் போனை உள்ளே தள்ளியது.
பை முன்பக்கம் வந்தது.
வெளிச்சமுள்ள ஓரமாக நடந்தேன்.
முப்பத்தாறு வருஷத்தில்
இந்த நேரத்து ஊரை நான் பார்த்ததே இல்லை.
ரவுண்டானாவைச் சுற்ற ஒரு வண்டிகூட இல்லை.
பேக்கரி ஷட்டர்மேல் பல்லி.
மாங்காய் லாரிக்கடியில் சாக்கு விரித்துத் தூங்குகிற கிளீனர்.
மூன்று ஆட்டோக்காரர்கள் "தனியாவா" என்றார்கள்.
ஒளிரும் சட்டை போட்டுத் தெருக் கூட்டியவள் மட்டும்
ஒன்றும் கேட்காமல்
துடைப்பத்தை நிறுத்தி வழிவிட்டாள்.

வீட்டுக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும்.
திரும்பவில்லை.

பழையபேட்டையில் அப்போதுதான் பாய்லர் ஏற்றிய கடை.
பையை வைத்துவிட்டு, டீ போடச் சொல்லிவிட்டு,
சையத் பாஷா மலை ஏறினேன்.
பள்ளிக்கூட ஜன்னலில் தினமும் நின்ற மலை.
அங்கே பசங்க உட்கார்ந்திருப்பாங்க,
பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வேலை
என்று ஜன்னலோடு முடிந்த மலை.
டாக்சி போகாத மலை.
பசங்க யாரும் இல்லை.
ஆடு ஒன்று இருந்தது, அதுவும் தனியாக.

மேலே காற்று.
கீழே இரண்டு நெடுஞ்சாலை, விளக்கு விளக்காக,
தூரத்தில் அணைத்தண்ணீர், தகரத் துண்டுபோல.
எந்தக் கூரை எங்கள் வீடென்று தேடினேன்,
கிடைக்கவில்லை.
புது ஊரில் அப்படித்தான்.

இறங்கி வந்தபோது டீ ஆடை கட்டியிருந்தது.
மலைக்கு நேர் கீழே பதினெட்டு வருஷம்
கடை வைத்திருக்கிறவர் கேட்டார்:
"மேல என்ன இருக்கு?"

"ஊர்" என்றேன்.

பன்னிரண்டு ரூபாய்.
டாலரில் எவ்வளவு என்று
கணக்குப் போட்டுக்கொண்டே
சில்லறை தேடினேன்.