பதவி என்ற கட்டம்

துரோலாக் ரயிலடிக்கு எதிரே என் கடை.
நகல் ஒன்று இருபது காசு,
மலாயில் விண்ணப்பம் எழுதித்தர ஐந்து வெள்ளி.
பாரம் நிரப்ப வருபவர்கள்
வியர்வையோடு கொஞ்சம் பொய்யும் கொண்டுவருவார்கள்.
சிவப்பாயி கொண்டுவந்தது
கம்பி வளைந்த ஒரு குடை,
அடையாள அட்டை,
எண்பத்தொரு வயது.

"ஜப்பான்காரன் காலத்தில் என்ன வேலை?"
"பால் சுமந்தேன்."
"பாலுக்கு அடியில்?"
"கொயினா. யாரோ எழுதிய சீட்டு.
ஒரே ஒருமுறை கைத்துப்பாக்கி."

அவளாக எதையும் எழுதியதில்லை.
பாலத்தில் எத்தனை காவல்,
எந்த லாரி எத்தனை மணிக்கு,
எல்லாம் நெற்றிக்குள் வாய்ப்பாடு.
பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் போவாள்.
பன்னிரண்டாம் நிரையின் கடைசி மரத்தில்
மங்கு கவிழ்ந்திருந்தால், வராதே.
நிமிர்ந்திருந்தால்
இருட்டு விலகி ஆ லெங் வருவான்.
அவனுக்குத் தமிழ் வராது, இவளுக்குச் சீனம் வராது.
சந்தை மலாயில் நடந்தது அவர்கள் யுத்தம்.

சயாம் ரயிலுக்கு ஆள் பிடிக்க
விடிந்தால் லாரி வருமென்று
ஒரு ராத்திரி நாலு லயத்துக்கும் சொன்னாள்.
விடிந்தது.
நாற்பத்து மூன்று ஆண்கள் காட்டுக்குள்.
நாற்பத்து நாலாவது ஆள்
காய்ச்சலில் எழமுடியாமல் கிடந்தான்.
அவள் அண்ணன்.
அதற்குமேல் சொல்லவில்லை,
குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான்.
அதே வாளி, அதே நிரை,
குற்றத்துக்கு மட்டும் புதுப்பெயர்.
அவசரகாலம் என்றார்கள்,
தைப்பிங் சிறையில் ஆறு வருஷம்
அவசரமே இல்லாமல் நகர்ந்தது.
ஆ லெங் எங்கே என்று தினமும் கேட்டார்கள்.
வாய்ப்பாடு மறந்துபோச்சு என்று
தினமும் சொன்னாள்.
வெளியே வந்து மறுபடி உளி பிடித்தாள்.

பாரத்தில் ஒரு கட்டம்: பதவி.
"காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள் அம்மா."
"அப்ப பெரிசா ஏதாவது போட்டுக்கோ."
போட்டேன்: ஜெனரல்.

ஏழு மாதம் கழித்து
அரசாங்க முத்திரையோடு உறை வந்தது.
ஜெனரல் சிவப்பாயி, முனியன் மகள், அவர்களுக்கு.
தங்கள் சேவை குறித்து எந்தப் பதிவும்
எங்களிடம் இல்லை என்பதை
வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்.

எச்சில் விழுங்கிப் படித்துக் காட்டினேன்.
"இருக்காதுல்ல" என்றாள்,
பரீட்சையில் தேறிய முகத்தோடு.
"இருக்கக்கூடாதுன்னுதானே
அப்படி வேலை பார்த்தோம்."

பக்கத்துக் கோப்பிக்கடை ஆ பெங்
உறையின் மேல்விலாசத்தை எட்டிப்பார்த்துவிட்டு
விறைப்பாக ஒரு சலாம் வைத்தான்.
கோப்பிக்குக் காசு வாங்காமல் விடவில்லை.

நகல் எடுக்கவா என்றேன்.
வேண்டாமென்று தலையசைத்தாள்.
கடிதத்தை இரண்டாக, நாலாக, எட்டாக
நகத்தால் அழுத்தி அழுத்தி மடித்துக்கொண்டே போனாள்,
நாக்குக்கு அடியில் அடங்கும் அளவுக்கு.
பிறகு, கையில் ஒன்றுமே இல்லாதவள்போல
அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.