ஈரப்பதம்

இங்கே முன்பு கருவாடு இருந்தது.
உப்பில் அடுக்கிய காட் மீன், கூரை முட்ட.
மூன்று முறை வெள்ளையடித்தும்
மழை வந்தால் சுவர் நாறுகிறது.
லிஸ்பனில், மார்விலாவில், ரயில் பாதைக்குப் பின்னால்
ஒரு கலைக்கூடத்துக்கு இதைவிட மலிவாய் இடம் கிடைக்கவில்லை.

அருங்காட்சியகத்துக்கு எழுதினோம்:
உங்களிடம் ஒரு பொம்போலோம் இருக்கிறது.
குடைந்தெடுத்த முழுமரம்.
பியோம்போவில் ஓர் ஊரில் சாவு விழுந்தால்
அக்கரை ஊர்களுக்கெல்லாம் பறைந்த மரம்.
எரித்த ஊரிலிருந்து தளபதி ஒருவன் கொண்டுவந்தது.
ஆறு வாரம் இரவல் தாருங்கள்.

இரவல் என்ற இடத்தில் இயாசினேவின் பேனா நின்றது.
யாருடையதை யாரிடம் கேட்கிறோம்?
படிவத்தில் வேறு சொல் இல்லை.

நான்கு மாதம் கழித்துப் பதில்.
மிகவும் மரியாதையான பதில்.
தங்கள் அறையின் ஈரப்பதம்
எழுபத்தெட்டு விழுக்காடு இருப்பதால்,
பொருளின் நலன் கருதி.

பொருள்!
ஆண்டில் ஐந்து மாதம் மழையில் ஊறி
அலையாத்திக் காட்டுக் காற்றைக் குடித்துத்
தொண்டை திறந்த மரம் அது.

கடிதத்தையே சட்டம் போட்டு மாட்டினோம்.
எதிரே வெறும் பீடம்.
கூரை ஒழுகும் இடத்தில் வாளி.
வாளி காட்சிப்பொருள் அல்ல என்று
எழுதி ஒட்ட வேண்டியதாயிற்று,
ஒரு விமர்சகர் அதன் முன் வெகுநேரம் நின்றதால்.

திங்கட்கிழமை செகுண்டா வந்தாள்.
அவள் பெயருக்கும் திங்கள் என்றுதான் பொருள்.
அருங்காட்சியகம் மூடியிருக்கும் நாள்,
அவளுக்கு வாய்க்கிற ஒரே ஓய்வு.
பதினோரு வருடமாக, விடியுமுன் ஐந்து மணிக்கு,
அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கிறவள்.

கடிதத்தை அவள் பார்க்கவில்லை.
பீடத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள்.
"இத்தனூண்டிலா வைக்கப் பார்த்தீர்கள் அதை?"
இரண்டு கையும் விரித்தாள். போதவில்லை.
ஓரடி நகர்ந்து மறுபடி விரித்தாள்.

இடப்பக்கம், வாய்க்குக் கீழே, ஒரு விரிசல்.
போன குளிர்காலம் விழுந்தது,
ஹீட்டரைக் கூட்டி வைத்த வாரத்தில்.
அட்டவணையில் இருக்காது.
சொல்லவில்லையா என்றேன்.
என்னிடம் யார் கேட்டார்கள் என்றாள்.

இயாசினே சுண்ணக்கட்டி நீட்டினான்.
மண்டியிட்டுத் தரையில் வரைந்தாள்,
துடைத்துப் பழகிய கையின் வேகத்தில்,
விரிசல் வந்தபோது மட்டும் மெதுவாக.
குறுக்கே நின்ற வாளியை
அவளே ஓரமாகத் தள்ளினாள்.

வெளியே மழை விடவில்லை.
ஆறு இருபதுக்குப் பேருந்து என்று எழுந்தாள்,
முழங்காலில் வெள்ளையோடு.
நாங்கள் வாளியைத் திரும்ப வைக்கவில்லை.