இரண்டரைக் கிலோ

முதலில் லைசென்ஸ் தாளைக் கேட்டார்.
பெயரைப் படித்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி படித்தார்.
கச்சேரிக்கு ஒன்பது தரம் நடந்து
அப்பாவின் துவக்கை என் பெயருக்கு மாற்றிய தாள்.
அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்:
"இவருக்குப் பரணில ஏறினா நித்திரை, காக்கா."

அக்கரைப்பற்றுச் சந்தைக்குப் பின்னால்
மீன்காரரிடம் தராசு இரவல் வாங்கி
உதுமாலெவ்வை காக்கா துவக்கை நிறுத்தார்.
மூன்று கிலோ நானூறு.
தட்டில் ஒட்டியிருந்த பாரைச் செதிலும் சேர்த்து.

"எவ்வளவுக்குக் கொண்டு வரணும்?"
"இரண்டரை."
"கைப்பிள்ளையா தூக்கப் போறீங்க?"

கைப்பிள்ளை என்றால் இடுப்பில் இருக்கும்.
இது சாகாமத்து வட்டையில்
முழங்கால் சேற்றில் என்னோடு நடக்கவேண்டும்,
வாய்க்காலில் தலைக்கு மேல் ஏறவேண்டும்,
ஒரு கையில் டோர்ச்சும்
தேத்தண்ணிப் போத்தலும் இருக்க.
குடலை தள்ளும் நாள்
எனக்குத் தெரியுமுன் பன்றிக்குத் தெரியும்.

"குழலில கை வைக்கமாட்டன், அது சட்டம்.
மரத்தில மட்டும் பேசலாம்."
முதிரைப் பிடங்கு. கழற்றி
அடுப்பில் வைத்தாலும் கவலையில்லை என்றேன்.
அவருக்குத்தான் வலித்தது.
பலா நிறத்துக்கு நல்லதாம்,
மலைவேம்பு பாரத்துக்கு நல்லதாம்,
உதைக்கு நல்ல மரம் ஒன்றுமில்லையாம்.
"பாரம் குறைஞ்சா உதை கூடும், தங்கச்சி.
துவக்கு அந்தக் கணக்கில ஏமாத்தாது."
"பாரம் விடிய விடிய, காக்கா. உதை ஒருக்கா."

காதிலிருந்து பென்சில் இறங்கியது.

"எந்தத் தோள்?"
"இடது."
"கையெழுத்து வலக்கையாலதானே போட்டீங்க?"
வலது தோளுக்குள் தொண்ணூறாம் ஆண்டு நுழைந்த ஒன்று,
புளியங்கொட்டை அளவு,
கல்முனை ஆஸ்பத்திரியில் இருக்கட்டும் என்று விட்டது.
யார் சுட்டதென்று அவர் கேட்கவில்லை.
நானும் இதுவரை கேட்டதில்லை.
இடது என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார்.

அளவு நாடாவைத் தந்துவிட்டுத்
தெருப் பக்கம் திரும்பி நின்றார்.
முழங்கை மடிப்பிலிருந்து ஆட்காட்டி விரல்வரை
நானே அளந்து, நானே சொன்னேன்,
சட்டைக்குத் தைக்கக் கொடுப்பதுபோல.

"ரப்பர் வைச்சா நூறு கிராம் ஏறும்."
வையுங்க.
"தோல் வார்?"
சேலைக் கிழிசல் போதும்.
"இரண்டு எழுநூறு. இதுக்குக் கீழ போகாது."
"இரண்டு அறுநூறு."
"கீரை வாங்கவா வந்தீங்க?"

அன்றைக்கு ஒன்றும் செதுக்கவில்லை.
ஒரு பெட்டிப் பலகையை என் அளவுக்கு அறுத்து
"ஒரு கிழமை இதோட இருங்க,
எங்க இடிக்குதெண்டு பாருங்க" என்றார்.

கருவாடு காயும் பாயில் காகங்களுக்கு நீட்டினேன், பறந்தன.
தம்பிலுவில் பஸ்ஸில் மடியில் கிடத்தினேன்,
கண்டக்டர் பொடியன்
"என்னக்கா, கிரிக்கெட்டா?" என்றான்.
வீட்டில் இவர்தான் கொஞ்சம் விலகி நடந்தார்.

வெள்ளியிரவு பரணில் நானும் பலகையும்.
சாமம் கடந்து வந்தது, தனியன்,
வரம்பை முகர்ந்து முகர்ந்து.
இடது தோளில் ஏற்றினேன். கன்னம் வைத்தேன்.
டோர்ச் அதன் கண்ணில் விழுந்தது.
இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே.

பிறகு அது தின்றது.
நின்று, நிதானமாக.
பலகைக்கு மரியாதை தரும் பன்றி
சாகாமத்தில் இன்னும் பிறக்கவில்லை.
நான் சத்தம் போடவில்லை.
கன்னத்துக்கும் மரத்துக்கும் நடுவில்
ஒரு விரல் நுழைவதை அப்போதுதான் கண்டேன்.

திங்கள் காலை:
"நீளம் அரை அங்குலம் கூடிப்போச்சு, காக்கா.
கன்னத்தடி ஒரு விரல் உயரவேணும்."
"எப்படி இவ்வளவு சரியாச் சொல்றீங்க?"
"பன்றி நின்று தந்தது."

அது தின்ற நெல்லைக் கூலியில் கழிக்கக் கேட்டேன்.
மாட்டேன் என்றார்.