ஆல்பேட்டையில் ஒரு பாட்டில்

லிஸ்பனில் யாரும் கேட்கவில்லை.
துபாயில் பெட்டி தானாகவே விமானம் மாறிக்கொண்டது.
மீனம்பாக்கத்தில் கொட்டாவி விட்டபடி
போங்க போங்க என்றார் ஒருவர்.
இத்தனை தூரம் வந்த பாட்டில்
பெண்ணையாற்றுக்குப் பக்கத்தில்
ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் மாட்டிக்கொண்டது.

"பாண்டிச் சரக்கா?"

பாண்டியில் நாங்கள் இறங்கவே இல்லை சார்,
சிக்னலில் நின்றதோடு சரி.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

"போர்ட்டோ" என்றார் என் கணவர்
எட்டு நாள் களைப்பையும் அந்த ஒரு சொல்லில் இறக்கி.

"போர்ட்டோநோவாவா? பரங்கிப்பேட்டைல ஏது கடை?"

உதட்டைக் கடித்துக்கொண்டேன்.
போன வாரம் டோரு ஆற்றங்கரை நிலவறையில்
வழிகாட்டிப் பெண் இனேஸும் இப்படித்தான் விழித்தாள்,
எங்கள் ஊருக்குத் தெற்கே ஒருமணி நேரத்தில்
உங்கள் ஆட்கள் பெயர் வைத்த
புது போர்ட்டோ ஒன்று இருக்கிறது என்றதும்.
அங்கே என்ன விசேஷம்?
நண்டு என்றேன்.
வைன்?
நண்டு என்றேன் மறுபடியும்.

இருட்டில் வரிசையாகப் படுத்திருந்த மரவயிறுகளில்
ஒன்றைத் தட்டி, பீப்பா, என்றாள்.
குழுவில் யாரோ விளக்கம் கேட்டார்கள்.
எனக்குத் தேவைப்படவில்லை.
தண்ணீர் லாரி வராத நாளெல்லாம்
எங்கள் தெருவே அந்தச் சொல்லைத்தான்
தட்டித் தட்டிப் பார்க்கிறது.

ஐஸ் பேக்டரிக் கணக்கருக்கு
மீன்பிடித் தடைக்காலம்தான் கோடை விடுமுறை.
இருபத்தாறு வருடமாக வேளாங்கண்ணி.
இந்த வருடம்தான் இது, சீட்டு எடுத்த காசில்.
சந்தியாகு என்ற பெயரை
வங்கியில் மூன்று விதமாக எழுதிவைத்திருக்கிறார்கள்.
ஓட்டல் பையன் ஒரே மூச்சில் எழுதினான்,
கேட்காமலே ஒரு கிளாஸ் ஊற்றியும் கொடுத்தான்.
அப்புறம் இரண்டு நாள் இந்த மனிதரோடு
தெருவில் நடக்க முடியவில்லை.
மேடெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி முன்னே போனார்,
நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு
மஞ்சள் டிராமுக்குக் காத்திருந்தேன்.

கடைசி இரவு அந்தோணியார் திருவிழா.
சந்துக்குச் சந்து கரியடுப்பு.
புகையில் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது,
அட, நம்ம கவலை.
நாலு மீன் பன்னிரண்டு யூரோ.
ஒரு கவலை முந்நூறு ரூபாயா என்று
விரல்விட்டு எண்ணினார் சந்தியாகு,
முதுநகரில் இதைக் கூறுகட்டி
கொசுறாகவும் போடுவார்களே என்று.
கவலை என்று வந்தபிறகு விலை பார்க்கலாமா
என்றேன், வாயெல்லாம் முள்ளாக.
பக்கத்து மேசைக் கிழவர்
எங்களுக்குச் சாப்பிடத் தெரிகிறதென்று
ரொட்டியைத் தள்ளிவைத்தார்.
குழம்பு இல்லாத குறை ஒன்றுதான்.

ஏட்டு ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
ஒரு எழுத்தும் புரியாமல்
தேதியை மட்டும் படித்தார். பிறகு,
"மீன் நல்லாருக்குமா அங்க?"
சொன்னேன், விலையோடு சேர்த்து.
"அவங்களுக்குத் தடைக்காலம் உண்டா?"
அதைக் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.
தாழங்குடாவில் மச்சானுக்குப் படகு இருக்கிறதாம்.
இன்று நள்ளிரவோடு தடை முடிகிறது,
வலையெல்லாம் ஏற்றியாகிவிட்டது,
ஐஸுக்குத்தான் எங்கேயோ அலைகிறானாம்.
"யார்கிட்ட சொல்றீங்க" என்று
சந்தியாகு காரைவிட்டு இறங்கினார்.

இருவரும் பேரேட்டின்மேல் குனிந்து
பார் ஐஸ் விலை பேசிக்கொண்டிருந்தபோது
எட்டிப் பார்த்தேன்.
பெயர்: சந்தியாகு.
பொருள்: பாட்டில் ஒன்று, ரசீது உண்டு.
எங்கிருந்து: பரங்கிப்பேட்டை.
எங்கே: முதுநகர்.

பரங்கிப்பேட்டை தெற்கே இருக்கிறது.
நாங்கள் வடக்கிலிருந்து வருகிறோம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பாலத்தில் ஏறும்போது
பாட்டிலைக் கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டேன்.
சந்தியாகு போனில் யாரையோ
அரைவையை இப்போதே போடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.