சுழி அல்ல

ஜனவரி ஒன்று.
மேசையில் நேற்றைய விருந்தின் மாண்டரின் தோல்கள்.
கரையில் எவனோ இன்னும் மத்தாப்புக் கொளுத்துகிறான்.
படகு ஒன்பது மணிக்கு.
அதற்குள் இந்த ஆண்டின் கோப்பு பிறந்தாக வேண்டும்.

நிரல் கேட்கிறது, கறுப்புத் திரையில்,
சுங்கச்சாவடிக்காரன் மாதிரி ஒவ்வொன்றாக:
நிலையத்தின் பெயர்?
சோல்பான் ஆத்தா.
உலக நேரமா, உள்ளூர் நேரமா?
(போன மார்ச்சில் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்தேன்;
ஏரிக்கு நள்ளிரவில் வெயிலடித்தது.)
எத்தனை ஆழங்கள்?
இருபத்து நான்கு.
வடத்தில் முடிச்சு முடிச்சாக வெப்பமானிகள்,
கடைசியானது அறுநூறு மீட்டருக்குக் கீழே
மீனும் எட்டிப் பார்க்காத இருட்டில்.

அவதானிப்பவர்?
அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே ஒருவர் நிற்கிறார்:
வெனியமின்.
பழைய வார்ப்புருவின் மிச்சம்.
அக்டோபரிலேயே நோவோசிபிர்ஸ்க் போய்விட்டார், மகளோடு இருக்க.
அவர் விட்டுப்போன ரப்பர் பூட்சுகள் கதவோரம்,
எனக்கு ஓர் அளவு பெரியவை.
அழித்துவிட்டு அடிக்கிறேன்: தைலாக்.
என் பெயரும் அந்தக் கட்டத்தில்
தொளதொளவென்றுதான் இருக்கிறது.

கடைசிக் கேள்வி.
தொடக்க மதிப்பு?

இங்கேதான் போன வருடம் சறுக்கினேன்.
சுழி போட்டுத் தொடங்குவதுதானே முறை என்று
எட்டாயிரத்து எழுநூற்று அறுபது கட்டங்களிலும்
சுழி, சுழி, சுழி.
பிப்ரவரியில் வடம் அறுந்தது.
பதினோரு நாள் கீழேயிருந்து ஒரு சேதியும் இல்லை.
வராததை நிரல் எப்படி அறியும்?
சுழியைப் பார்த்தது,
பூஜ்யம் டிகிரி என்று படித்தது.
அடியாழம் முதல் மேல்மட்டம் வரை
நீலக் கோடு தலைகுப்புற விழுந்து
பனிக்கட்டியாய்ப் படுத்துக்கொண்டது.
நான் போட்ட சுழியில் மூழ்கிப் போனது
ஒரு முழு ஏரி.

அதுவும் எந்த ஏரி!
இசிக்குல்.
பெயரிலேயே வெதுவெதுப்பை வைத்திருப்பது.
மலையெல்லாம் வெளுத்த பிறகும்
தான் மட்டும் கறுப்பாய், ஈரமாய்,
அசைந்துகொண்டே இருப்பது.

பிஷ்கெக்கிலிருந்து தொலைபேசி:
ஏரி உறைந்துவிட்டதா?
மீர்குல் பதில் சொல்லவில்லை.
சன்னலைத் திறந்து
ரிசீவரை வெளியே நீட்டிப் பிடித்தாள்.
ஒரு நிமிடம்போல அலை பேசிற்று.
பிறகு வைத்துவிட்டாள்.

இந்த முறை அடிக்கிறேன்:
கழித்தல் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
குளிரே இருநூற்றெழுபத்து மூன்றில் தரைதட்டி நின்றுவிடும்;
அதற்கும் கீழே ஓர் எண்.
எந்த நீரும் தொட முடியாதது,
எந்த முட்டாளும் நம்ப முடியாதது.
இன்னும் யாரும் இறங்கிப் பார்க்கவில்லை என்பதை
இலக்கத்தில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

தேநீர்க் கோப்பையோடு மீர்குல் என் தோளுக்குப் பின்னால்.
திரையில் ஒன்பதுகள் கொட்டுவதைப் பார்க்கிறாள்.
“கணக்கெடுப்புக்காரனுக்கு இது தெரியவில்லை.”
எந்தக் கணக்கெடுப்பு?
“வீட்டுக்கு வந்தான். குழந்தைகள் எத்தனை என்றான்.
அடுப்பில் பால் பொங்கிற்று, எழுந்து போனேன்.
திரும்பி வருவதற்குள்
சுழி போட்டிருந்தான்.”

பால் பாழானதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.
நான் என்ன கேட்பது?
அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பாள் என்றா?
கேட்கவில்லை.
கேட்காததற்கும் ஓர் எண் வைத்திருக்கிறேன் இப்போது.

கோப்பு சேமிக்கப்பட்டது.

மிதவையின் மூடியில் உப்புப் பனி.
சுத்தியலால் தட்டித் திறந்து கம்பியைச் சொருகுகிறேன்.
மீர்குல் படகை அலைக்கு முகம் திருப்பிப் பிடித்திருக்கிறாள்,
பேசாமல்.
முதல் ஆழம், ஐந்து மீட்டர்:
ஐந்து புள்ளி மூன்று.
“எவ்வளவு?” என்கிறாள்.
கத்திச் சொல்கிறேன்.
காற்று பாதியைத் தின்றுவிடுகிறது.
“எவ்வளவு?”