மூடுபனி

கம்பி இழுப்பவன் நான்.
தோளில் சுருள், இடுப்பில் குறடு,
காதில் எந்நேரமும் அடுத்தவர் குரல்.
ஒருமுறைகூடச் சுட்டதில்லை.
சுடச்சொன்ன சொற்களெல்லாம் ஆனால்
என் வழியாகத்தான் போயின.

கரேலியக் காடு, பிப்ரவரி.
சுழியத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி.
மூச்சு மீசையிலேயே உறைந்துவிடும்.
ஆற்றின் அக்கரையில் நிற்கும் மரங்களின்
பட்டை வெடிப்பைக்கூட எண்ணலாம், அவ்வளவு துல்லியம்.
அங்கே ஒரு சவுனா.
கூரையிலிருந்து நேர்கோடாய்ப் புகை.

"குளிக்கிறான்கள்" என்றது பட்டாலியன்.
"நாலு குண்டு தருகிறேன். தூரத்தைச் சொல்."
குண்டுகளை ரொட்டிபோல எண்ணிக்கொடுத்த காலம் அது.
நாலு என்பது பெரிய மனசு.

லெப்டினன்ட் இம்மொனன்
தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.
யாரோ தண்ணீர் சுமந்தார்கள். நீளக் கோட்டு.
ஆணா பெண்ணா, கோட்டு சொல்லவில்லை.
ஏழு வாளி. வாய்விட்டு எண்ணினார்.
ஆறாவது வாளியில் அந்த உருவம் நின்று
இடுப்பில் கைவைத்துக்கொண்டது.
வேறொன்றும் தெரியவில்லை.

காலிசெய்யும் வண்டிகள் போய்ச்சேராத ஊர் அது.
சவுனாவில்தான் எங்கள் பெண்கள் பிள்ளை பெறுவார்கள்.
செத்தவரைக் கழுவுவதும் அங்கேதான்.
சிப்பாய்களும் போவார்கள், பேன் ஒழிய,
நாங்கள் போவதுபோலவே
துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு.
புகையில் வித்தியாசம் கிடையாது.

"இலக்கு தெரியவில்லை என்று சொல்."
சொன்னேன்.
"காரணம்?"
அவர் என்னைப் பார்த்தார்.
நான் குறட்டைப் பார்த்தேன்.
"மூடுபனி."

மறுமுனையில் மேஜர் யெல்ட்,
போருக்கு முன் பள்ளியில் பூகோளம் நடத்தியவர்.
"முப்பத்தொரு டிகிரியிலா?"
கம்பிக்குள் காற்று உரசியது.
இம்மொனனைக் கூப்பிடு என்றிருக்கலாம்.
வேறொருவனை மேட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.
இருமினார்.
"சரி. நேரத்தோடு எழுதிக்கொள்."
இரண்டு மணி இருபது நிமிடம். பென்சில்.

இரவு அக்கரையிலிருந்து மூன்று குண்டு வந்தது.
மூன்றாவதில் சுலோ பக்காரினன் போனான்,
சட்டைப்பையில் பாதி ரொட்டி மிச்சமிருக்க.
குளித்துவிட்டு வந்த கை ஏவியதா?
பத்து கிலோமீட்டர் தள்ளி
குளிக்கவே வழியில்லாத ஏதோ ஒரு கையா?
ஆற்றைக் கடந்துபோய் யார் கேட்பது.

இம்மொனன் அவன் அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தார்.
நாலு தாள் கிழித்தார்.
ஐந்தாவதில், சீட்டாட்டத்தில் சுலோ
ஒருநாளும் ஏமாற்றியதில்லை என்று எழுதினார்.
அது பொய். நாங்கள் எல்லோரும் அவனிடம்
சிகரெட் தோற்றவர்கள்.

"நாளைக்கும் அதே புகை வந்தால்?" என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.
விளக்குத் திரியைக் குறைத்தார்.
"நாளைக்கும் வாளியை எண்ணுவேன்."
வெகுநேரம் கழித்து,
நான் தூங்கிவிட்டதாக நினைத்தோ என்னவோ:
"எண்ணிவிட்டுச் சுடவும் செய்யலாம்."

மறுநாள் புகை வரவில்லை.
மார்ச்சில் சண்டை நின்றது.
பதிவேட்டை முத்திரையிட்டு வாங்கிக்கொண்டார்கள்.
யாராவது புரட்டினால் அந்தச் சொல் கிடைக்கும்,
என் கோணல் எழுத்தில்.
அதற்கு இரண்டு வரி மேலே,
காலை வானிலைக் குறிப்பு, அதுவும் என் எழுத்துதான்:
காற்று இல்லை. வானம் தெளிவு.
அக்கரை முழுதும் தெரிகிறது.